கன்னிமூலையில் முக்கால் சென்ட்

அந்தச் சேர்ல உக்காராதீக சார், அதுக்கு ஒரு கால் நொண்டி. போன தடவ வந்த சார் அதுலதான் மல்லாந்தாக. இந்தக் கட்டில்ல உக்காருங்க. வி.ஏ.ஓ. வந்துருவாரு. அவரு வராம வயல்ல கயித்தப் போடக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீக? பெறகு என்ன அவசரம். காப்பி போடுறேன். பாலு இல்ல, தெருக்கோடியில மாடு வச்சுருக்காக, ஒரு எட்டு போயிட்டு வந்துர்றேன். வயப்பக்கம் தனியாப் போயிராதீக, கடிநாயி ஒண்ணு அலையுது.

வந்துட்டேன் சார். ரெண்டு நிமிசம்னு சொல்லிட்டுக் கால் மணி நேரம் ஆக்கிட்டேனா? மாடு ஒதச்சுருச்சு, நான் என்ன பண்ண. இந்தாங்க, ஊதிக் குடிங்க. சீனி பத்தலைன்னா சொல்லுங்க. வி.ஏ.ஓ. போன எடுக்க மாட்டேங்கிறாரா? வண்டியில வந்துக்கிட்டு இருப்பாரு. வண்டி ஓட்டுறவரு போன எடுத்தா நல்லாவா இருக்கும்?

அப்பறம், அந்தப் போன்ல என்னமோ காட்டுனீகளே, அத இன்னொருக்கா காட்டுங்க. இருவது வருசத்து வெளைச்சலா? இந்தச் செவப்புக் கோடெல்லாம் சுத்துப்பட்டு ஊரு, பச்சக் கோடு எங்க கூத்தனேந்தல். சரி. ஆறு வருசத்துக்கு முன்னாடி செவப்பு எல்லாம் பொத்துன்னு குழியில விழுந்துருக்கு, பச்ச மட்டும் விழாம நிக்குது. ஒரே வானம், ஒரே மண்ணு, இந்த ஊரு மட்டும் எப்படித் தப்பிச்சுச்சுன்னு கேக்குறீக. நல்ல ஆளுகிட்டதான் கேட்டீக சார். அந்தக் கோட்டத் தூக்கி நிறுத்துனதே நான்தான். பூமயில்னு பேரு எழுதிக்கோங்க. இல்ல, எழுத வேணாம், கேட்டுக்கோங்க, அது போதும்.

எங்க ஊரு வானம் பாத்த பூமி சார். புரட்டாசியில புழுதியில வெதச்சுட்டு மேல பாத்துக்கிட்டு நிப்போம். கம்மா பெருகுனா நெல்லு, பெருகலைன்னா வைக்கோலு. போர் போட்டா உப்புத்தண்ணிதான் வரும், மாடு கூட மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிரும். எங்க மாமனாரு இருந்தப்ப சித்திரைக்கார்னு ஒரு செவத்த நெல்லு போடுவாக. ஏக்கருக்குப் பத்து மூட்டைக்கு மேல தராது, ஆனா எம்புட்டுக் காஞ்சாலும் நாலு மூட்டை கண்ணுல காட்டிரும். பெறகு சன்ன ரகமா வந்துச்சு. பேஞ்சா இருவத்தஞ்சு மூட்டை, காஞ்சா ஒண்ணும் இல்ல. நடுவுலங்கிற பேச்சே கெடையாது. இருவத்தஞ்சு மூட்டைய ஒருக்கா பாத்துட்டா பெறகு யாரு சார் பத்து மூட்டைக்குப் போவாக? நானும்தான் போகல.

அதனாலதான் எல்லாரும் இன்சூரன்சு கட்டுறோம். உங்க வேலையும் எனக்கு அத்துப்படி சார், சிரிக்காதீக. ஊருக்கு நாலு வயல எடுப்பீக. எந்த வயலுன்னு நீங்க முடிவு பண்றதில்ல, மேல ஆபீசுல கண்ண மூடிக்கிட்டு ஒரு நம்பரு எடுத்துக் குடுப்பாக. அந்த வயலோட தென்மேற்கு மூலையில நின்னுக்கிட்டு, கெழக்க இத்தன எட்டு, வடக்க இத்தன எட்டுன்னு நடந்து ஒரு முளைக்குச்சி அடிப்பீக. அங்கருந்து அஞ்சுக்கு அஞ்சு மீட்டரு கயித்தக் கட்டி, உள்ள இருக்குற கதிர அறுத்து, அடிச்சு, எடை போடுவீக. நாலு வயலோட எடையையும் கூட்டி வகுத்தா அதுதான் ஊரு வெளைச்சல். கொறஞ்சா ஊருக்கே இன்சூரன்சு வரும். கூடுனா ஒருத்தருக்கும் வராது, அவுகவுக வயலு கருகிக் கெடந்தாலும் வராது. சரியாச் சொல்லிட்டேனா?

இப்ப நான் சொல்லப்போறது உங்க காதோட இருக்கணும். இந்த ஊருக்குப் பொன்னாத்தாதான் சாமி. தை மாசம் கடைசி வெள்ளிக்கு ஆத்தா கோயில்ல பொங்கல். அன்னிக்கு ஒவ்வொருத்தி பானையிலயும் அவ அவ வயல்ல வெளஞ்ச அரிசிதான் வேகணும். கடையில வாங்குனத ஒலையில போட்டா அவளுக்கு அந்த வருசம் முழுக்க கடையரிசின்னுதான் பேரு. ‘கடையரிசி போறா பாரு’, ‘கடையரிசி வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்துருக்காக’ன்னு பேசுவாளுக. நாக்கப் புடுங்கிக்கிரலாம் சார். ஆனா மழை பேயாத வருசத்துல வயல்ல அரிசிக்கு எங்க போக? அதுக்குத்தான் ஆத்தா பங்கு. வயலோட கன்னிமூலையில முக்கால் சென்ட் அளவுக்கு ஒரு துண்டு. ஊரே கருகுனாலும் அந்தத் துண்டு மட்டும் பச்சையா நிக்கும். எப்படின்னு கேட்டா, ஆத்தா வந்து தண்ணி ஊத்துறான்னுதான் சொல்லணும்.

நாங்கதான் சார் ஊத்துறோம், பின்ன யாரு. விடிய முன்னாடி ஊரணிக்குப் போனா ஊருப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் அங்கதான் நிப்பாளுக, இடுப்புல ஒரு குடம் தலையில ஒரு குடம். ‘என்னடி இந்நேரத்துல?’ன்னு கேட்டா ‘குளிக்கத் தண்ணிக்கா’ம்பாளுக. மார்கழிக் குளிருல அம்புட்டுக் குளியலு. ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாக்காம மோந்துக்கிட்டு, ஆளுக்கொரு வரப்புல பிரிஞ்சு போயிருவோம். நான் இருவது குடம் ஊத்துவேன் சார், ஒரு நாளைக்கு இருவது. இந்த ஊருல இருவது குடம் ஊத்துற கை வேற கெடையாது. ஆனா நான் ஊத்துனேன்னு வாயத் தொறந்து வயல்ல நின்னு சொல்லிட்டா முடிஞ்சுச்சு, அந்த நெல்லு ஆத்தா நெல்லு இல்ல, பானைக்கு ஆகாது. இங்க வீட்டுல உக்காந்து உங்ககிட்டச் சொல்றது வேற. ஆத்தாவுக்கு இங்க காது எட்டாது.

அந்த ஆறு வருசத்துக்கு முந்துன பஞ்சத்துல என்ன ஆச்சுன்னா, என் ஓர்ப்படியா, அதான் என் கொழுந்தன் சேதுராசு பொண்டாட்டி, பஞ்சவர்ணம், அவதான் எல்லாத்துக்கும் காரணம். நான் யாரையும் குத்தஞ் சொல்ற ஆளு இல்ல. ஆனா அவதான் காரணம். அவ வயலு என் வயலுக்குக் கெழக்க, நடுவுல ஒரு வரப்புதான். பாகம் பிரிக்கும்போதே மேட்டுப் பக்கம் எனக்கு வந்துருச்சு, தண்ணி தேங்குற பள்ளம் அவளுக்குப் போயிருச்சு. நான் ஒண்ணும் சொல்லல. பதினெட்டு வருசமா அதப் பத்திப் பேசுறதே இல்ல நான்.

ஒரு நா ஊரணியில, எல்லாரும் இருக்கையில, கொடத்த மோந்துக்கிட்டே சொல்றா, ‘அக்கா, இந்த வருசம் ஒங்க மூலை வெளிறிப் போயிருக்கே, கடையரிசிதான் போல.’ எப்படி இருக்கும் சார் எனக்கு? சிரிச்சுக்கிட்டுதான் சொன்னா. சிரிச்சுக்கிட்டுச் சொன்னா குத்தாதா? அதுவரைக்கும் பன்னண்டு குடந்தான் ஊத்திக்கிட்டு இருந்தேன். அன்னிலருந்து இருவது. எங்க வீட்டுக்காரரு கோட்டைச்சாமி வாயத் தொறக்காத மனுசன், அவரே ஒரு நா, ‘ஆத்தாவுக்கு இடுப்பு வலிக்கப் போகுது’ன்னாரு. அம்புட்டு வைராக்கியம் எனக்கு.

ஒரு மாசத்துல மூலை எப்படி வந்துச்சு தெரியுமா? கருகருன்னு தூரு கட்டி, கதிரு பாரம் தாங்காம சாஞ்சு கெடக்கு. சுத்தி மூணு ஏக்கரும் பொசுங்கிப்போயி மாடு மேயுது. அந்நேரத்துல உங்கள மாதிரி ஒரு சாரு வந்தாக. கண்ணாடி போட்டு, ஒல்லியா. மூணு வயல அறுத்து முடிச்சுட்டாக, மூணும் பதரு. ஊதுனாப் பறந்துரும். ஊரு ஆம்பளைக எல்லாம் சந்தோசமா இருக்காக, இன்சூரன்சு வந்துரும்னு. நாலாவது நம்பரு என் வயலு. அந்த சாரு என் வயலு தென்மேற்கு மூலையில, அதான் எங்க கன்னிமூலையில, வந்து நின்னாக. கெழக்க மூணு எட்டு, வடக்க ரெண்டு எட்டு. முளைக்குச்சியத் தூக்கி அடிக்கிறாக, அது எங்க இறங்குது? ஆத்தா பங்குல.

ஊரே வரப்புல நிக்குது சார். அந்த சாருக்கும் ஒரு மாதிரி ஆயிருச்சு. சுத்தி முத்திப் பாத்தாக, கண்ணாடியக் கழட்டித் தொடச்சாக. நல்ல மனுசன், அத நான் சொல்லணும். என் பக்கம் திரும்பிப் பொறுமையாத்தான் கேட்டாக.

“ஏம்மா, இந்த எடத்துக்கு மட்டும் தனியாத் தண்ணி ஊத்துனீங்களா? ஊத்தியிருந்தா வாயால சொல்லி இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. இத விட்டுட்டு வேற வயலுக்குப் போயிருவேன்.”

நான் சொல்லத்தான் சார் வாயத் தொறந்தேன். சத்தியமா. ஆனா எதுத்த வரப்புல பஞ்சவர்ணம் நிக்கிறா. இடுப்புல கை வச்சுக்கிட்டு. அந்த மூலையையே பாக்குறா. அவ மூஞ்சியில சிரிப்பு இல்ல. ‘வெளிறிப் போயிருக்கே’ன்னவ கண்ணு எம்புட்டு அகலமா விரிஞ்சுச்சுன்னு நீங்க பாத்துருக்கணும். அந்தக் கண்ணு முன்னாடி போயி, ‘ஆமா சார், இருவது குடம் ஊத்தித்தான் வளத்தேன்’னு சொல்ல முடியுமா? சொல்லுங்க.

“இல்ல சார். இது ஆத்தா வெளைய வச்சது”ன்னேன்.

நான் பொய் சொல்லல. இந்த ஊருல எல்லாரும் சொல்றதத்தான் நானும் சொன்னேன். நான் சொன்னது தப்புன்னா, அங்க நின்ன நாப்பது பொம்பளையில ஒருத்தி, ‘பூமயிலு, ஏண்டி இப்படி’ன்னு கேட்டுருக்கலாம்ல? ஒருத்தி கேக்கல. கேட்டா அவ மூலையப் பத்தியும் பேச்சு வரும்ல. ஆம்பளைகளும் வாயத் தொறக்கல, பொண்டாட்டி பொங்கப்பானைக்குக் கேடு வந்துரும்னு. பஞ்சவர்ணம் மட்டும் என்னமோ சொல்ல வந்தா. வந்து, முழுங்கிட்டா. அவளுக்கும் ஒரு மூலை இருந்துச்சுல்ல.

அறுத்தாக, அடிச்சாக, எடை போட்டாக. பதினாலு கிலோ. அந்த ஒத்தப் பதினாலு கிலோ மத்த மூணு வயலையும் தோள்ல தூக்கிக்கிட்டு மேல வந்துருச்சு. ஊரு வெளைச்சல் தப்பிச்சுருச்சு. இன்சூரன்சு இல்ல. சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் வந்துச்சு, கூத்தனேந்தலுக்கு மட்டும் வரல. இப்பப் புரியுதா சார், பச்சக் கோடு ஏன் விழலைன்னு?

பெறகு நடந்த கூத்து இன்னும் இருக்கு. நாலு மாசங் கழிச்சு ஏதோ ஒரு சங்கத்துக்காரங்க கார்ல வந்தாக. இம்புட்டுப் பஞ்சத்துல இந்த ஊரு மட்டும் வெளஞ்சுருக்கு, அந்த வயக்காரம்மா யாருன்னு. ‘வறட்சியை வென்ற பெண்மணி’ன்னு என் போட்டோவப் போட்டு ஃபிளெக்ஸ் கட்டி, ஒரு பச்சச் சால்வையப் போத்தி விட்டாக. என்ன வெதைன்னு மைக்க நீட்டுனாக. நான் என்ன சொல்ல? பழைய நெனப்புல சித்திரைக்கார்னு சொல்லிட்டேன். அடுத்த வருசம் நாலஞ்சு ஊருல என் பேரச் சொல்லி அந்த வெதையத் தேடி அலஞ்சுருக்காக. அதுல ஒண்ணு ரெண்டு பேருக்கு நாலு மூட்டை தேறிருச்சாம், அதனால என்னய யாரும் சண்டைக்குத் தேடி வரல. ஃபிளெக்ஸ எங்க வீட்டுக்காரரு ஆட்டுக் கொட்டாய்க்குப் போத்திட்டாரு. சால்வைய இன்னும் வச்சுருக்கேன். நல்ல சால்வை.

ஆனா ஊரு போச்சு சார். அத மறைக்க மாட்டேன். அந்த வருசம் வெதைக்கு வழியில்லாம வடக்கு வயக்காரவுக அப்படியே போட்டுட்டுத் திருப்பூருக்குப் போயிட்டாக. என் கொழுந்தனும் போனவருதான், தீவாளிக்கு வந்தா பொங்கலுக்கு வர்றதில்ல. போட்ட வயலு என்ன ஆகும்? சீமைக்கருவேலம் ஏறிரும். முந்நூறு ஏக்கரு நெல்லு போட்ட ஊரு, இப்ப நூறு தேறுனா பெருசு. மிச்சமெல்லாம் முள்ளுக்காடு. வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி லாரியில ஏத்துறாக. போன வருசம் எங்க ஊருலருந்து நெல்லு மூட்டையவிட கரி மூட்டைதான் கூடப் போயிருக்கும். அதுக்கு உங்க போன்ல ஒரு கோடு இருக்கா சார்? இல்லையா. இருந்தா அது மேல ஏறிக்கிட்டே போகும்.

பஞ்சவர்ணம் அன்னிலருந்து என்கூடப் பேசுறதில்ல. ஆறு வருசம். சால்வை மேல பொறாமைன்னுதான் நான் ரொம்ப நாளு நெனச்சுக்கிட்டு இருந்தேன். என் வரப்பும் அவ வரப்பும் ஒண்ணு, என் ஆடு அவ வீட்டுலதான் போயிப் படுக்கும், அவ கோழி என் கூடையிலதான் முட்டை போடும். கோழி கூட பேசுது, அவ பேசல. முன்னெல்லாம் வாய்க்கு வாயி அக்காம்பா. எனக்குக் கஷ்டமாத்தான் சார் இருக்கு. வேற என்னன்னு சொல்ல.

இந்த வருசமும் மழை ஏச்சுருச்சு, நீங்க பாத்தீக. மூணு வயலு அறுத்துட்டீக, மூணும் பதரு. நாலாவது நம்பரு பஞ்சவர்ணம் வயலுன்னு காலையில நீங்கதான் சீட்டப் பாத்துச் சொன்னீக. கெழக்க ரெண்டு எட்டு, வடக்க ரெண்டு எட்டுன்னு வேற சொன்னீக, அது நேரா அவ ஆத்தா பங்குலதான் போயி விழும். இந்தத் தடவையும் இன்சூரன்சு வரலைன்னா அவளுக்கு வெதநெல்லு கெடையாது. கரி யாவாரி ஒருத்தன் அவ வயலக் கேட்டு ரெண்டு தடவ வந்துட்டுப் போயிட்டான், பத்து வருசத்துக்கு முள்ளு வளக்க விடுன்னு. விட்டுட்டு அவளும் திருப்பூரு போயிருவா. பெறகு வரப்புக்கு அந்தப் பக்கம் எனக்கு யாரு இருக்கா?

இருங்க சார், எந்திரிக்காதீக. இன்னொரு வாயி காப்பி இருக்கு. வி.ஏ.ஓ. வண்டியா அது? வந்துட்டாரா? கொஞ்சம் மூச்சு வாங்கட்டும். வெயிலு தாழட்டுமே. அங்க என்ன பாக்குறீக? யாரு வர்றா?

அட, பஞ்சவர்ணம்தான். தலையில கட்டு. நெல்லுக் கட்டுத்தான் சார், வைக்கோலுன்னு சொன்னா நம்பவா போறீக. பச்ச காயாத கதிரு. நான் பாலு வாங்கப் போனது அவ வீட்டு வழியாத்தான். அவ வாசல்ல நின்னு செவுத்தப் பாத்துச் சொல்லிட்டு வந்தேன், ‘ரெண்டு எட்டு, ரெண்டு எட்டு, இன்னும் ஒரு மணி நேரந்தான்’னு. நாலு பொம்பளைக சேந்து அறுத்துருக்காளுக. இன்னும் அஞ்சு நாளு நின்னுருக்கணும், கதிருல பாலு முழுசா முத்தல. பானைக்கு எப்படி ஆகுமோ. ஆமா சார், உங்கள உக்கார வச்சுக் கதை சொன்னதே அதுக்குத்தான். கோவிச்சுக்காதீக. வேணும்னா கேட்டுப் பாருங்க, கதையில ஒரு சொல்லு பொய் இல்ல. தண்ணி ஊத்துன மூலைய எடுத்துட்டோம், இப்ப அந்த வயல்ல எங்க குச்சி அடிச்சாலும் உள்ளது உள்ளபடி வரும். உங்களுக்கும் அதுதான வேணும்?

என்ன சார் தலைய ஆட்டுறீக? ஒரு மூலை அறுத்துட்டாலும் அந்த வயலு செல்லாதா? அப்படியும் ஒரு சட்டமா? பெறகு என்ன பண்ணுவீக, சும்மா விட்டுருவீகளா? மாத்து நம்பரா? மாத்து நம்பருன்னு ஒண்ணு உண்டுன்னு எனக்குத் தெரியாதே. அம்புட்டும் தெரியும்னு நெனச்சேன். சரி, சொல்லுங்க, யாரு வயலு?

ஏன் வி.ஏ.ஓ. என்னயப் பாக்குறாரு?

வாங்க சார். என் வயலுக்கு எனக்கு வழி தெரியும். பாத்து, அந்த வரப்பு இடிஞ்சு கெடக்கு. நாயெல்லாம் ஒண்ணும் இல்ல, சும்மா சொன்னேன். இந்தாங்க, இதுதான் தென்மேற்கு மூலை. கெழக்க எத்தன? மூணு. வடக்க? ஒண்ணு. நடங்க. எண்ணிக்கிட்டே நடங்க, நானும் எண்ணுறேன். ஆமா சார், குச்சி அங்கதான் இறங்கும். ஆறு வருசத்துக்கு முன்னாடி இறங்குன எடத்துக்கு ஒரு எட்டு தள்ளி, அம்புட்டுத்தான். எப்படி நிக்குது பாத்தீகளா கதிரு? ஒரு பதரு இல்ல. வெள்ளிக்கெழமைக்கு அறுக்கணும்னு இருந்தேன்.

கேளுங்க சார். அந்தக் கேள்விதான, கேளுங்க. அந்தத் தாள எடுத்து வைங்க. ஊரு அம்புட்டும் வந்துருச்சு பாருங்க, ஒரு வேலைக்குக் கூப்புட்டா இம்புட்டு வெரசா வரமாட்டாளுக. அவளும் நிக்கிறா, அதே வரப்புல. கட்டக் கூட எறக்கி வைக்காம நிக்கிறா.

கொஞ்சம் இருங்க, அந்தத் தண்ணி பாட்டிலக் குடுங்க. காலையிலருந்து பேசிக்கிட்டே இருக்கேன்ல.

சரி. எழுதிக்கோங்க. இது நான் ஊத்துனது. தண்ணி ஊத்தித்தான் வளத்தேன், ஆத்தா ஒரு சொட்டு ஊத்தல. இந்த வருசம் என்னய எல்லாரும் கடையரிசின்னு கூப்புடலாம், நான் ஏன்னு கேக்க மாட்டேன். ஒரு நாளைக்கு இருவது குடம். பேனாவக் குடுங்க, எங்க கையெழுத்துப் போடணும்? இதுல போட்டா இந்த வயல விட்டுட்டு அடுத்த நம்பருக்குப் போயிருவீகள்ல? அது யாரு வயலோ, அவுக மூலைய அவுக பாத்துக்குவாக. நான் ஒருத்தி சொல்லிட்டேன், இனிமே அவுகளுக்கும் வாயி வரும்.

என்னடி? என்ன சொன்ன? இன்னொருக்கா சொல்லு, சாரு காதுல விழட்டும்.

“இருவதா? பொய் சொல்லாதீக அக்கா. பதினெட்டுதான். நான் தெனமும் எண்ணிக்கிட்டுதான் இருக்கேன்.”

கேட்டீகளா சார்? எண்ணிருக்கா. ஆறு வருசமா வாயத் தொறக்காம, எனக்குப் பின்னாடியே ஊரணிக்கு வந்து, நான் ஊத்துற குடத்த எண்ணிருக்கா. அக்கான்னு சொன்னது விழுந்துச்சா உங்களுக்கு? எனக்கு விழுந்துச்சு.

இருவதுன்னு எழுதிட்டீகளா? அடிச்சுருங்க. பதினெட்டுன்னே போடுங்க சார். அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்.